மேலே என்ன போடுவது: சேலத்துத் தட்டுவடை செட்டும் பெங்களூரு நிப்பட்டு மசாலாவும்

சேலத்துத் தட்டுவடை ஒன்றையும் பெங்களூரு நிப்பட்டு ஒன்றையும் மேலே எதுவும் போடாமல் ஒருவர் கையில் கொடுத்தால், எது எந்த ஊர் என்று சொல்ல அவர் கொஞ்சம் திணறுவார். இரண்டும் அரிசி மாவு. இரண்டிலும் பொட்டுக்கடலை மாவு, எள், கறிவேப்பிலை, மிளகாய். இரண்டையும் கையால் தட்டி எண்ணெயில் பொரிக்கிறார்கள். நம் வீடுகளில் கோகுலாஷ்டமிக்குச் செய்யும் தட்டையின் நெருங்கிய உறவினர்கள்தான் இரண்டும். ஊர்களும் தூரத்தில் இல்லை. சேலத்தில் பேருந்து ஏறினால் தொப்பூர், தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகச் சுமார் 200 கிலோமீட்டரில் பெங்களூரு வந்துவிடும். ஆனால் சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு இந்த இரண்டு ஊர்த் தள்ளுவண்டிகளிலும் அந்த வட்டத்தின் மேல் என்னென்ன ஏறுகிறது என்று பாருங்கள். சேலத்தில் பூண்டும் மிளகாயும் பீட்ரூட்டும். பெங்களூரில் எலுமிச்சையும் கேரட்டும் வறுத்த வேர்க்கடலையும். சேலத்தில் மேலே ஒரு மூடி உண்டு, பெங்களூரில் கிடையாது.

அடிப்பண்டம் ஒன்றாக இருந்து மேல்பொருளில் ஊர்கள் பிரிந்துபோவது உலகம் முழுக்க நடக்கிற விஷயம். அமெரிக்காவில் ஹாட் டாக் ஒரு நல்ல உதாரணம். நியூயார்க்கில் அந்த சாசேஜின் மேல் கடுகு விழுதும், ஜெர்மானியக் குடியேறிகள் கொண்டுவந்த புளித்த முட்டைக்கோஸும், சிவப்பாக வேகவைத்த வெங்காயமும் ஏறும். சிகாகோவில் கசகசா தூவிய பன், கடுகு விழுது, பச்சை நிற ரெலிஷ், வெங்காயம், தக்காளி, நீளவாக்கில் வெட்டிய ஊறுகாய் வெள்ளரி, சின்ன மிளகாய், செலரி உப்பு என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். அதில் கெட்சப் சேர்ந்தால் சிகாகோக்காரர் முகம் சுளிப்பார். அந்த நாட்டின் தேசிய ஹாட் டாக் மற்றும் சாசேஜ் கவுன்சில் வெளியிட்ட உண்ணும் முறை விதிகளில், 18 வயது தாண்டியவர்கள் கெட்சப் போடக்கூடாது என்றே ஒரு வரி இருக்கிறது. வேடிக்கைக்கு எழுதியதுதான். ஆனாலும் எழுதத் தோன்றியிருக்கிறதே! சேலத்துக்காரர் பெங்களூரு வண்டி முன்னால் நின்று "பூண்டுச் சட்னி எங்கே?" என்று கேட்பதும், பெங்களூருக்காரர் சேலத்துக் கடையில் "எலுமிச்சை பிழியலையா?" என்று கேட்பதும் அதே ஜாதிச் சண்டைதான்.

முதலில் சேலம்.

செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாப்பேட்டை, அரிசிபாளையம், பட்டைக்கோவில் பக்கம் என்று ஊரின் பழைய பகுதிகளில் மாலை நாலரை, ஐந்துக்கு மேல் கடைகள் உயிர் பெறும். கொலுசுப் பட்டறைகளும் தறிக்கூடங்களும் நிறைந்த தெருக்கள் இவை. வேலையை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் வெளியே வருகிறவர் உட்கார்ந்து சாப்பிட நேரம் இல்லாதவர். தோசைக்குக் காத்திருக்க முடியாது; கொறித்த மாதிரி இருக்க வேண்டும், வயிற்றுக்கும் ஏதோ போன மாதிரி இருக்க வேண்டும். தட்டுவடை ஏற்கெனவே பொரித்து டப்பாவில் இருக்கிறது. வண்டிக்காரரிடம் அடுப்பே தேவையில்லை. சேர்த்து அடுக்கிக் கொடுப்பது மட்டுமே அவர் வேலை.

அந்த அடுக்குதலைப் பார்க்க வேண்டும். எவர்சில்வர் தட்டில் ஐந்து தட்டுவடைகள் வரிசையாக விழும். ஒவ்வொன்றும் உள்ளங்கைக்குள் அடங்குகிற சிறு வட்டம். ஸ்பூன் முனையால் சிவப்புச் சட்னி ஒரு தொடல்: காய்ந்த மிளகாயும் பூண்டும் அரைத்தது, கடைக்குக் கடை தக்காளி கூடும் குறையும். அடுத்து பச்சைச் சட்னி: கொத்தமல்லி, புதினா, பச்சை மிளகாய். அதன்மேல் துருவிய பீட்ரூட்டும் கேரட்டும், பொடியாக நறுக்கிய வெங்காயமும் சேர்ந்த காய், மூன்று விரலால் அள்ளுகிற அளவு. அதற்கு மேல் இன்னொரு தட்டுவடையை வைத்து லேசாக ஓர் அழுத்து. இரண்டு வட்டம் சேர்ந்து ஒரு செட். ஐந்து செட் ஒரு பிளேட் என்பது பல கடைகளில் வழக்கம். "அண்ணா, காரம் தூக்கலா" என்றால் சிவப்பு கூடும். "அக்கா, பையனுக்கு, காரம் வேணாம்" என்றால் பச்சை மட்டும் லேசாக.

இதைக் கடித்துச் சாப்பிடப் போகிறவர் வெளியூர்க்காரர் என்று உடனே தெரிந்துவிடும். கடித்தால் எதிர்ப்பக்கம் பீட்ரூட் பிதுங்கிச் சட்டையில் விழும், அந்தக் கறை லேசில் போகாது. வாயைத் திறந்து முழு செட்டையும் உள்ளே தள்ளுவதுதான் முறை. முதலில் மேலும் கீழும் மொறுமொறுப்பு உடைகிறது, பிறகு பூண்டின் காட்டம், கடைசியில் பீட்ரூட்டின் பச்சை இனிப்பு. இந்த வரிசை ஒவ்வொரு வாய்க்கும் மாறாமல் வரும். காரணம் அளவு. செட் என்பது ஒரு வாய்க்கு வெட்டிக் கொடுத்த அளவு. சாப்பிடுபவர் தன் இஷ்டத்துக்கு இதில் கூட்டிக் குறைக்க இடம் கிடையாது. எல்லாத் தீர்மானமும் கடைக்காரர் விரலில் முடிந்துவிட்டது.

பெங்களூரில் கதை வேறு மாதிரி.

விஸ்வேஸ்வரபுரம், சுருக்கமாக வி.வி.புரம், அங்கே சஜ்ஜன் ராவ் சர்க்கிளை ஒட்டிய உணவுத் தெருவில் நிப்பட்டு மசாலாவை ஒழுங்காகப் பார்க்கலாம். லால்பாக் வாசல்களிலும் பூங்காக்களின் ஓரத்திலும் நிற்கிற சுருமுரி (பொரிக் கலவை) வண்டிகளிலும் கிடைக்கும். நிப்பட்டு இங்கே பெரியது. பல கடைகளில் ஏறக்குறைய உள்ளங்கை அகலம் இருக்கும். மாவில் பொட்டுக்கடலையோடு வேர்க்கடலையையும் கொரகொரப்பாகப் பொடித்துச் சேர்ப்பார்கள், ஆகவே கொஞ்சம் கனமாகவும் கரடாகவும் இருக்கும். இதன் மேல் வெண்ணெயோ சட்னியோ லேசாகத் தடவுவது கடைக்காரர் விருப்பம். பிறகு வருவதுதான் முக்கியம்: மெல்லிசாகத் துருவிய கேரட், வெங்காயம், தக்காளி, கொத்தமல்லி, பச்சை மிளகாய், உப்பு, மிளகாய்த் தூள், ஒரு பிழி எலுமிச்சை. இவற்றைக் கலந்து மலை மாதிரி குவித்து, உச்சியில் காரம் பூசிய வேர்க்கடலைப் பருப்பைத் தூவுவார்கள். மூடி இல்லை. திறந்த தட்டு. எங்கே கடிப்பது, எவ்வளவு அள்ளுவது என்பது சாப்பிடுபவர் பாடு. பாதி கீழே விழும். விழுந்ததை நிப்பட்டு உடைசலால் அள்ளிச் சாப்பிடுவது சிலருக்கு முதல் கடியைவிடப் பிடித்த பகுதி.

மேல்பொருளின் வம்சாவளியைத் தேடினால் சேலத்துக் கலவையும் பெங்களூருக் கலவையும் வேறு வேறு சமையலறைகளுக்குப் போய்ச் சேர்கின்றன என்பது என் எண்ணம். பெங்களூரில் நிப்பட்டின் மேல் குவிவது கோசம்பரியின் தெருவோர வடிவம். நம் பக்கம் கோசுமல்லி என்கிறோமே, அதேதான்: துருவிய காய், எலுமிச்சை, கொத்தமல்லி, பச்சை மிளகாய். ஊறிய பாசிப்பருப்பும் தேங்காயும் தாளிப்பும் மட்டும் தெருவுக்கு வரும்போது உதிர்ந்துவிட்டன. ராம நவமிக்குப் பானகத்தோடு தொன்னையில் கோசம்பரி கொடுக்கிற ஊரில், கல்யாணப் பந்தியில் வாழையிலையின் மேல்பக்கம் முதலில் கோசம்பரி விழுகிற ஊரில், பச்சைக் காயை எலுமிச்சையில் பிரட்டிச் சாப்பிடுவது யாருக்கும் புதிதில்லை. அதை ஒரு மொறுமொறுப்பான தட்டின் மேல் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி.

சேலத்துச் செட்டில் காய் முதன்மை இல்லை. சட்னிதான் முதன்மை, காய் சட்னியின் உறைப்பைத் தாங்குகிற மெத்தை. இட்லிக்குக் காரச் சட்னி, பணியாரத்துக்குக் காரச் சட்னி என்று காய்ந்த மிளகாயையும் பூண்டையும் அரைத்தே பழகிய நாக்கு, மாலைப் பலகாரத்துக்கும் அதையே கேட்கிறது. பச்சைச் சட்னியில் வட இந்திய சாட் வண்டியின் சாயல் தெரிகிறது. ஆனால் சாட்டில் வருகிற புளி-வெல்ல இனிப்புச் சட்னி செட்டுக்குள் இடம் பிடிக்கவில்லை. அந்த இனிப்பைப் பீட்ரூட் கொடுத்துவிடுகிறது. பச்சைப் பீட்ரூட்டுக்கு மண் வாசனையோடு ஓர் இனிப்பு உண்டு. பூண்டுக் காரத்துக்கு எதிரே அதை வைத்த மூளை யாருடையது என்று தெரிந்தால் ஒரு மாலை போடலாம். பெங்களூரில் கேரட் மட்டும் போதுமாக இருப்பதற்கும் இதுவே மறுபக்கக் காரணம்: அங்கே உறைப்பு குறைவு, ஆகவே அணைக்க வேண்டிய நெருப்பும் குறைவு. சாம்பாரிலேயே வெல்லம் கிள்ளிப் போடுகிற ஊர் என்பதை மறக்க வேண்டாம்.

பூண்டு விஷயத்தை இன்னும் கொஞ்சம் பார்க்கலாம். பழைய பெங்களூரின் தென்பகுதியான பசவனகுடி, சாமராஜபேட்டை, வி.வி.புரம் ஆகியவற்றில் நிப்பட்டு, கோடுபளே, சக்குலி, அப்பளம் விற்கும் கடைகளுக்கு 'காண்டிமென்ட்ஸ்' என்று பெயர். காந்தி பஜாரில் 1948 முதல் இருக்கிற சுப்பம்மா கடை இந்த வகையில் பேர் போனது. பிராமண வீடுகளும் வைசிய வீடுகளும் நிறைந்த பகுதி. வாடிக்கையாளர்களில் பூண்டு தொடாதவர்கள் ஏராளம். ஆகவே இக்கடைகளின் பண்டங்களில் வாசனைக்குப் பெருங்காயம்தான் பெரும்பாலும் ஆட்சி. உணவுத் தெருவும் சைவம்தான். வண்டிக்காரர் பூண்டு போட்டால் கூட்டத்தில் ஒரு பகுதி ஒதுங்கிப்போகும், எலுமிச்சை பிழிந்தால் ஒருவரும் ஒதுங்க மாட்டார். ருசியைப் பற்றி ஆயிரம் பேசலாம், யாரையும் வண்டியிலிருந்து விரட்டாத பொருள்தான் கடைசியில் நிற்கிறது. சேலத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. அங்கே அவித்த முட்டையைக்கூடச் செட்டுக்குள் வைத்துக் கொடுக்கிறார்கள், யாரும் எழுந்து போவதில்லை.

இனி வேர்க்கடலை. பெங்களூரு மேல்பொருளின் தனி முத்திரை அது. எளிதாகத் தோன்றும் விளக்கம் ஒன்று உண்டு. பசவனகுடியில் தொட்ட பசவண்ணன் கோயிலைச் சுற்றி, கார்த்திகை மாதக் கடைசித் திங்கட்கிழமையில் கடலேக்காய் பரிஷே என்ற வேர்க்கடலைத் திருவிழா நடக்கிறது. சுற்றுவட்டார விவசாயிகள் புதுக் கடலையை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து புல் டெம்பிள் சாலையின் இருபுறமும் குவிப்பார்கள். கடலைக் காட்டை மேய்ந்த காளைக்குக் கோயில் எழுப்பியதாகத் தல கதை. கோயில் 16ஆம் நூற்றாண்டில் கெம்பே கவுடா கட்டியது என்பார்கள். வேர்க்கடலையோ தென்னமெரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்த பயிர், தென்னிந்தியாவில் பெருவாரியாகப் பரவியது 19ஆம் நூற்றாண்டில்தான். கதையை ஆண்டுக்கணக்கோடு பொருத்திப் பார்க்காமல் இருப்பதே நல்லது. எப்படியோ, கடலைக்குத் திருவிழா எடுக்கிற ஊர், ஆகவே நிப்பட்டின் மேலும் கடலை என்று முடித்துவிடலாமா?

முடியாது. சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி முழுக்கவே வேர்க்கடலை விளைகிறது. பெங்களூரு பரிஷேக்கே தமிழ்நாட்டு எல்லைப் பக்கத்திலிருந்து கடலை மூட்டைகள் போகின்றன. கடலை விளைச்சல்தான் காரணம் என்றால் சேலத்துச் செட்டிலும் கடலை இருந்திருக்க வேண்டும். இல்லையே. காரணம் வயலில் இல்லை, கடையில் இருக்கிறது. பெங்களூரில் காண்டிமென்ட்ஸ் கடைகளும் ஐயங்கார் பேக்கரிகளும் வறுத்துத் தோல் நீக்கி இரண்டாகப் பிளந்த கடலைப் பருப்பில் மிளகாய்த் தூள், மஞ்சள், மிளகு, பெருங்காயம், கறிவேப்பிலை சேர்த்துப் பிரட்டி 'காங்கிரஸ் கடலேக்காய்' என்று பொட்டலம் போட்டு விற்றன. 1969 ஜூலையில் லால்பாக் கண்ணாடி மாளிகையில் அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி கூடியது. நிஜலிங்கப்பா கட்சித் தலைவர், இந்திரா பிரதமர், காமராஜரும் களத்தில் இருந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் கட்சி இரண்டாகிவிட்டது. பிளந்த கடலைக்குப் பெயர் அப்போது ஒட்டிக்கொண்டது என்று ஊரில் சொல்வார்கள். நமக்கு வேண்டியது பெயரில்லை, பொட்டலம். காரம் பூசிய கடலை எந்நேரமும் கைக்கெட்டும் தூரத்தில் தயாராக இருந்ததால்தான் அது நிப்பட்டின் மேல் ஏறியது.

ஏறியது மட்டுமில்லை, ஒரு வேலையும் செய்கிறது. பொரித்த பண்டத்தின் மொறுமொறுப்புக்கு ஈரம் எமன். துருவிய கேரட்டிலும் நறுக்கிய தக்காளியிலும் உப்பும் எலுமிச்சையும் பட்ட உடனே நீர் விட ஆரம்பிக்கும். திறந்த நிப்பட்டைப் பேசிக்கொண்டே ஆற அமரச் சாப்பிடுகிறவருக்குப் பாதியில் அடித்தட்டு நமுத்துப்போகும். அப்போது பல்லுக்கு வேலை கொடுக்க மேலே கடலை இருக்கிறது. எண்ணெய்ச் சத்துள்ள வறுத்த பருப்பு அவ்வளவு சீக்கிரம் நனையாது. சேலத்தில் இந்தப் பிரச்சினையை வேறு வழியில் தீர்த்துவிட்டார்கள்: மொறுமொறுப்பை இரண்டு பக்கமும் வைத்து, அளவைச் சுருக்கி, அடுக்கிய கையோடு வாயில் போட வைத்துவிட்டார்கள். ஈரம் உள்ளே இறங்க நேரமே கொடுப்பதில்லை. ஐந்து செட்டையும் வாங்கி வைத்துக்கொண்டு கைபேசியில் பேசுகிறவரைக் கண்டால் சேலத்துக் கடைக்காரருக்கு எரிச்சல் வருவது நியாயம்.

இரண்டு ஊரும் எந்தப் பக்கம் வளர்ந்தன என்பதில்தான் எனக்குச் சுவாரசியமான வேறுபாடு தெரிகிறது. சேலம் தட்டுவடையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவதை மாற்றிக்கொண்டே இருக்கிறது. மாங்காய்க் காலத்தில் துருவிய மாங்காய் வைத்து மாங்காய் செட்; பூண்டைக் கூட்டிப் பூண்டு செட்; தக்காளி செட்; முட்டை செட். பெங்களூரோ மேல்கலவையைப் பிடித்துக்கொண்டு அடித்தட்டை மாற்றுகிறது. அதே கேரட்-வெங்காய-எலுமிச்சைக் குவியல், ஆனால் அடியில் நிப்பட்டுக்குப் பதில் வட்டமாக வெட்டிய தக்காளித் துண்டு. இன்னொரு வண்டியில் வெள்ளரிக்காய்த் துண்டு. மிளகாய் பஜ்ஜியை நீளவாக்கில் கீறி அதன் வயிற்றில் அதே கலவை. கீறிய பஜ்ஜியைத் தட்டில் வைத்துத் தரும்போது அமெரிக்க ஹாட் டாக்கின் உருவம் அப்படியே தெரியும். நீளம், நடுவே பிளவு, பிளவு வழியப் பொருள். சுருமுரியிலும் இதே கலவைதான் பொரியோடு சேர்கிறது. மைசூர்ப் பக்கம் போனால் அதில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் கூடும். ஆக, பெங்களூரில் 'மசாலா' என்று கேட்டால் வருவது அந்தக் குவியல். அது எதன் மேல் உட்காருகிறது என்பது அடுத்த கேள்வி.

இந்தக் கட்டுக்கு அடங்காத ஒன்று சேலத்தில் இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்: நொறுக்கல். தட்டுவடையையோ முறுக்கையோ கையாலேயே உடைத்து நொறுக்கி, இரண்டு சட்னியும் காயும் சேர்த்துப் பிரட்டிக் கொடுப்பது. முட்டை நொறுக்கல் கேட்டால் அவித்த முட்டையும் உடைந்து அதில் சேரும். செட்டின் ஒழுங்கு முழுக்க இதில் கலைந்துவிடுகிறது. மூடியும் இல்லை, அடியும் இல்லை, வரிசையும் இல்லை. பெங்களூரு சுருமுரி வண்டிக்கு மிக அருகில் சேலம் வருகிற இடம் இது. ஆனால் நாக்கில் வைத்துப் பார்த்தால் பூண்டு முதலில் வந்து நிற்கும். ஊர் மாறவில்லை.

பன்னுக்குள் போனது பெங்களூரு மட்டும்தான். இதற்கும் கடைதான் காரணம். பெங்களூரின் ஐயங்கார் பேக்கரிகளுக்கு நூறாண்டைத் தாண்டிய கதை இருக்கிறது. ஹாசன் பக்கத்திலிருந்து வந்த திருமலாச்சார், சிக்பேட்டைப் பகுதியில் 1898இல் தொடங்கிய பெங்களூர் பிரதர்ஸ் பேக்கரியிலிருந்து அந்த வரலாற்றைத் தொடங்குவார்கள். ஹாசன் கிராமத்துக் குடும்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து தெருவுக்கு ஒரு பேக்கரி போட்டன. முட்டை சேர்க்காத பன், வெண்ணெய் பிஸ்கட், வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்ட காரா பன். வி.வி.புரத்தில் 1953இல் தொடங்கிய வி.பி. பேக்கரியில் வெண்ணெய் தடவிய பன்னுக்குள் காங்கிரஸ் கடலையை அடைத்து விற்பதைத் தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மெத்தென்ற பன், உப்பு வெண்ணெய், நடுவில் கறுக்கென்று கடலை. அந்த பேக்கரிக்கு நடை தூரத்தில் நிப்பட்டு வண்டியும் நிற்கும்போது, பன்னைப் பிளந்து நிப்பட்டையும் மசாலாவையும் உள்ளே வைக்க எவ்வளவு நேரமாகும்? பன் நிப்பட்டு பிறந்தது அப்படித்தான் இருக்க வேண்டும்.

பன் நிப்பட்டு எனக்கு அவ்வளவாக ஒத்துவரவில்லை. பன்னின் லேசான இனிப்பும் வெண்ணெயும் சேர்ந்து எலுமிச்சையை அமுக்கிவிடுகின்றன. உள்ளே நிப்பட்டு உடைவது காதுக்குக் கேட்கிறதே தவிர நாக்குக்கு எட்டுவதில்லை. காங்கிரஸ் பன் அப்படி இல்லை. அதில் வெண்ணெயும் கடலையும் ஒன்றையொன்று தூக்கிக் கொடுக்கின்றன. மேல்பொருள் நன்றாக இருந்தாலும் இடம் தவறினால் வீண் என்பதற்கு இந்த இரண்டு பன்களையும் அடுத்தடுத்துச் சாப்பிட்டுப் பார்க்கலாம். சேலத்தில் யாரும் செட்டைப் பன்னுக்குள் வைக்கவில்லை, வைக்கத் தேவையும் இல்லை. மேல் தட்டுவடையும் கீழ்த் தட்டுவடையும் பன்னின் வேலையை ஏற்கெனவே செய்துவிடுகின்றன.

இரண்டையும் மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்று வீட்டில் செய்து பார்க்கலாம், சிரமமே இல்லை. பெங்களூரு நிப்பட்டை வாங்கி வந்து மேலே சேலத்துச் சட்னிகளைத் தடவிப் பீட்ரூட் வைத்தால், அகலத்துக்கு ஏற்பச் சட்னி கூட வேண்டியிருக்கிறது. கூடினால் இரண்டாவது கடியிலேயே காது அடைக்கும் காரம். மாவிலுள்ள வேர்க்கடலையும் பூண்டோடு ஒத்துப்போகாமல் தனியே நிற்கும். மேலே இன்னொரு நிப்பட்டை மூடினால் எந்த வாயும் கொள்ளாது. மறுபக்கம், சேலத்துத் தட்டுவடையில் பெங்களூருக் கலவையை ஏற்றினால் அது நிற்க இடமில்லாமல் சரியும். சட்னி என்கிற பசை இல்லாததால் மூடினாலும் ஒட்டாது, எலுமிச்சைச் சாறு வழிந்துவிடும். சட்னி வெறும் ருசிக்காக மட்டும் சேலத்துக்கு வரவில்லை, துருவலைப் பிடித்து நிறுத்துகிற வேலையும் அதற்கு உண்டு என்பது இப்படி மாற்றிச் செய்யும்போதுதான் கண்ணில் படுகிறது. அளவும் மேல்பொருளும் ஒன்றுக்கொன்று பழகி வந்தவை. ஒன்றை மட்டும் பெயர்த்து எடுத்துவந்தால் சரிப்பட்டு வராது.

ஆனால் பெயர்த்து எடுத்துப் போகிறார்கள். 'சேலம் தட்டுவடை செட்' என்ற பலகைகள் கோவையிலும் சென்னையிலும் முளைத்து இப்போது பெங்களூருக்கும் வந்துவிட்டன. ஓசூர் சாலை வழியாக வேலைக்குப் போகிற நம் பிள்ளைகள் நிறைந்த ஊர், வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். பெங்களூரில் ஒரு கடைக்காரர் செட்டை மூடும் முன் என்னிடம் "லெமன் பிழியட்டுமா?" என்று கேட்டார். சேலத்தில் அப்படி யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. வேண்டாம் என்றேன், பக்கத்தில் நின்றவர் கன்னடத்தில் "ஸ்வல்ப ஜாஸ்தி ஹாகி" என்று இரண்டு பிழி கேட்டு வாங்கினார், அவருக்குப் பிடித்திருந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது.

எலுமிச்சையை நான் மன்னித்துவிடுவேன். மன்னிக்க முடியாதது சீஸும் மயோனைஸும். இரண்டு ஊரிலும் இப்போது சீஸ் துருவிப் போடுகிற கடைகள் வந்துவிட்டன. பதப்படுத்திய சீஸின் உப்பும் கொழுப்பும் நாக்கில் ஒரு படலம் போட்டுவிட, சேலத்தில் பூண்டும் தெரிவதில்லை, பெங்களூரில் எலுமிச்சையும் தெரிவதில்லை. இரண்டு ஊர்ப் பண்டமும் ஒரே ருசியாகிவிடுகிறது. சிகாகோக்காரர் கெட்சப்பைப் பார்த்து முகம் சுளிப்பதன் காரணம் இந்த இடத்தில்தான் எனக்குப் புரிகிறது.

யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான். காய்க்கலவைக்குப் பெங்களூரு, கட்டிய விதத்துக்குச் சேலம். பெங்களூரில் என்றால் வெட்டி வைத்த கலவையைத் தவிர்த்துவிட்டு, கேட்ட பிறகு எலுமிச்சை பிழிகிற வண்டியாகப் பார்த்து நிற்க வேண்டும். சேலத்தில் என்றால் பீட்ரூட் நீர் விட்டுச் சிவப்புக் குளமாக நிற்கிற பாத்திரத்தைக் கண்டால் அடுத்த கடைக்கு நடந்துவிட வேண்டும். பார்சல் கேட்பதானால் தட்டுவடை தனி, காய் தனி, சட்னி இரண்டும் தனித்தனிப் பொட்டலம் என்று கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் மறுக்க மாட்டார். நிப்பட்டு மசாலாவைப் பார்சல் கேட்காதீர்கள்.